புரசங்கட்டை

ராஜா ஆட்சி நடந்த காலத்தில் குற்றம் செய்த பெண்களை மொட்டையடித்து, சந்தையைச் சுற்றி நடக்கவிட்டு, கடைசியில் எங்கள் மாதிரி ஊர்களுக்குத் துரத்திவிடுவார்களாம். அதாவது எங்களோடு வாழ்வதே ஒரு தண்டனை. அங்கேயே பிறந்த நாங்கள் என்ன குற்றம் செய்தோம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. செக்மாயில் அரிசிச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் நாங்கள். ஒதுக்கிவைத்த சாதி, லோய் என்று சொல்லி மூக்கைச் சுளிப்பார்கள். இம்பால் பெரிய மனிதர்கள் எங்கள் சாராயத்தை வீட்டுக்குள் கொண்டுபோவார்கள், எங்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்குத் தம்பால்சனா தானாக வந்தாள். ஜப்பான் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு லாரியில், என் அண்ணன் நொங்யாயின் பக்கத்தில், மடியில் ஒரு துணி மூட்டையோடு உட்கார்ந்து வந்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவளை "அரச குலத்தில் உதித்து எளியோருக்காக எழுதிய மாதரசி" என்று போட்டிருக்கிறார்கள். மாதரசியாம்! என்னோடு ஒரே அடுப்பை ஊதி, புகையில் கண் எரிந்து, என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். எனக்கு அவள் அண்ணி, அவ்வளவுதான்.

பேருக்கு முன்னால் ராஜகுமார் என்று போட்டுக்கொள்கிறவர்கள் இம்பாலில் தெருவுக்கு நாலு பேர். அவள் அப்பா லோகேந்திரசனாவும் அரியணையில் உட்கார்ந்தவர் இல்லை. அவருடைய தாத்தாதான் ராஜா. ஆனாலும் பெரிய மீசை, பெரிய குரல், வாங்கெயில் தூண் வைத்த பெரிய வீடு. அவர் குதிரைமேல் ஏறிப் பந்தடிக்க வந்தால் ஊரே ஒதுங்கும். அம்மா இந்துரேகா நேர் எதிர். வெள்ளைத் துணியும் துளசி மாலையுமாக இருப்பாள், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. என் அண்ணன் அந்த வீட்டு ஜீப்பை ஓட்டினான். ஸ்டியரிங்கை அவன் தொடலாம், தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்குப் போய் வந்த பெண்ணிடம் அவன் என்ன பேசினானோ, எப்போது பேசினானோ, ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் எங்கள் வாசலில் நின்றார்கள்.

எங்கள் நாட்டில் பெண் ஓடிப்போவது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. பாதிக் கல்யாணம் அப்படித்தான் நடக்கிறது. பெண் மாயமாவாள். மறுநாள் பையன் வீட்டார் பழக்கூடையோடு போய்ப் பெண்ணைப் பெற்றவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பார்கள். அவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். கடைசியில் கூடையை வாங்கி உள்ளே வைப்பார்கள். கூடை உள்ளே போய்விட்டால் காரியம் பழுத்துவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் கூடையில் அன்னாசியும் வாழையும் இருந்தன. என் அப்பா, சித்தப்பா, கூடையைத் தூக்க நான். வாங்கெய் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேளச் சத்தமும் சங்குச் சத்தமும். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நாலு பேர் ஒரு பாடையைத் தூக்கி வந்தார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நின்ற கிழட்டு வேலைக்காரன் குலாவிடம் என் அப்பா கேட்டார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"எங்க சின்னம்மா."

"எந்தச் சின்னம்மா?"

"எங்களுக்கு இருந்தது ஒரே சின்னம்மாதான். தம்பால்சனா."

"ஐயா, அது எங்க வீட்டுல இருக்குங்க. காலைல பொரி தின்னுட்டு உக்காந்திருக்கு."

குலா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். "அங்க இருக்கிறது உங்களுது. இது எங்களுது. வழிய விடுய்யா."

ஆற்றோடு போனவர்கள், சண்டையில் காணாமல் போனவர்கள் என்று உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. புரச மரத்தை வெட்டி ஆள் மாதிரி கட்டை செதுக்கி, அதை உடம்பாக வைத்து எரித்துக் காரியம் செய்துவிடுவோம். அப்படி எரித்துவிட்டால் ஆள் போனது போனதுதான், அதற்கு அப்பீல் கிடையாது. அந்தச் சடங்கைத்தான் உயிரோடு பொரி தின்றுகொண்டிருந்த பெண்ணுக்குச் செய்தார்கள். பாடையின்மேல் போட்டிருந்த துணி காற்றில் விலகியபோது பார்த்தேன். கட்டையின் தலையில் நிஜ முடி கட்டியிருந்தது. சீப்பில் வந்த முடியைப் பெண்கள் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்து வைப்பார்களே, அதுதான். கட்டைக்கு அவளுடைய சிவப்புப் பாவாடைத் துணியைச் சுற்றியிருந்தார்கள்.

நெருப்புச் சட்டியைத் தூக்கி வந்தவன் தம்பி திலக்சனா. மீசை முளைக்காத பயல். எங்கள் கூடையைப் பார்த்தான், காலால் ஓங்கி ஒரு உதை விட்டான். பழங்கள் தெருவில் உருண்டன.

"பொறுக்கிட்டுப் போங்கடா," என்றான். என் அப்பாவுக்கு அப்போது அறுபது வயது.

நான் குனிந்து பொறுக்கினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முன்கட்டுத் தூண்களுக்குப் பின்னாலிருந்து, யாரோ துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறார்கள். அடங்கும், மறுபடி குமுறும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். பெண்ணின் அப்பா வாசலுக்கே வரவில்லை. எங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டாள், "கூடைய வாங்கினாங்களா?"

ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் கொல்லைப் பக்கம் நழுவிவிட்டார்கள். நான்தான் சொன்னேன். "வாங்கல. உன்னக் கொளுத்திட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, முடி, சட்டி. அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாராச்சும் அழுதாங்களா?"

"தூணுக்குப் பின்னாடி யாரோ அழுதாங்க. மூஞ்சி தெரியல."

"அம்மாதான்," என்றாள். "வேற யாரு அழுவா அந்த வீட்டுல. அந்த மனுஷன் கொளுத்தச் சொல்லியிருப்பாரு, அம்மாவால தடுக்க முடிஞ்சிருக்காது."

அன்றிலிருந்து அவள் உயிரைப் பிடித்துவைத்தது அந்த அழுகைதான். அம்மா ஒருநாள் கூப்பிடுவாள், வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் அழுகிறவள் ஒருநாள் உடைந்து கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள்.

எங்கள் ஊர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பச்சைப் பொய். எங்கள் பெண்கள் ராஜாக்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. அவளுக்குப் "பொணம்" என்று பேர் வைத்தார்கள். எரித்த ஆள் ஊறல் பானையைத் தொட்டால் சாராயம் புளித்துவிடும் என்று என் அம்மா அவளைப் பானைப் பக்கமே விடவில்லை. விறகு உடைக்க விட்டாள், தண்ணீர் சுமக்க விட்டாள். குழந்தை தங்கவில்லை. "பொணம் எங்கடி பெக்கும்" என்று கிணற்றடியில் அவள் காதுபடவே பேசினார்கள். ராஜவீட்டில் அவள் மேல்சாதியாகச் செத்தாள், எங்கள் வீட்டில் பேயாக வாழ்ந்தாள். என் அண்ணன் நல்லவன்தான், ஆனால் கோஹிமா ரோட்டில் லாரி ஓட்டுகிறவன் வீட்டில் எத்தனை நாள் இருப்பான்? ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து லாரியோடு போனான். அவன் உடம்பு கிடைத்தது. கட்டை தேவைப்படவில்லை.

கார்த்திகை பிறந்தால் எங்கள் நாட்டில் கல்யாணமான பெண்களைப் பிறந்த வீட்டில் கூப்பிட்டு மீன் வைத்து விருந்து போடுகிற நாள் ஒன்று வரும். தம்பி வெற்றிலை பாக்கு அனுப்பி அழைப்பான். வருஷா வருஷம் அண்ணி அன்று காலை தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்தி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் எழுந்து விறகு உடைக்கப் போவாள். நாங்களும் கேலி செய்து செய்து அலுத்துவிட்டோம்.

ஒருமுறை இம்பாலில் பெண்கள் நடத்துகிற சந்தையில் அவளுடைய அம்மாவை எதிரே பார்த்தோம். பூசைக்குப் பூ வாங்க வந்திருந்தாள். பூக்காரி கடையும் மீன்காரி கடையும் பக்கம் பக்கம். அண்ணி நேராகப் போய் முன்னால் நின்றாள். இந்துரேகா, அங்கே ஆளே நிற்காத மாதிரி அவளுக்கு அப்பால் பார்த்தாள். பூக்காரியிடம் மெதுவாகச் சொன்னாள், "இங்க என்னமோ கருகுற நாத்தம் வருதும்மா. சீக்கிரம் கட்டிக் குடு."

பஸ்ஸில் வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கண்ணு கலங்கிச்சு பாத்தியா, மேமா? ஆளுங்க இருக்காங்கன்னு அப்படி நடிச்சாங்க."

"மீன் கவுச்சில கலங்கியிருக்கும்," என்றேன். அவள் காதில் விழவில்லை.

என் அண்ணன் போனபிறகுதான் அவள் எழுத ஆரம்பித்தாள். முற்றத்தில் ஆடும் நாடகக்காரர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள், பெண் வேஷமெல்லாம் ஆண்களே கட்டுவார்கள். அவர்கள் கதையைப் பார்த்துவிட்டு, "இத விட நான் நல்லா எழுதுவேன்," என்றாள். எழுதினாள். சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பற்றி, எங்களைப் பிடித்துப் போகும் போலீஸைப் பற்றி, கிணற்றடிப் பெண்களின் நாக்கைப் பற்றி. எங்கள் ஊர்க்காரர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிறகு வீட்டுக்குப் போய் அவளைத் திட்டினார்கள். பேர் மெல்ல இம்பால்வரை போனது. ரேடியோவில் நாடகம் கேட்டு ஆள் வந்தது. அப்போதுதான் "தூணுக்குப் பின்னால்" எழுதினாள்.

அந்த நாடகம் தெரியாத ஆள் எங்கள் நாட்டில் கிடையாது. ஓடிப்போன மகளுக்குக் கட்டை செதுக்கச் சொல்லி உறுமுகிற அப்பா. தூணுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற அம்மா. அது ஒலிபரப்பான ராத்திரி, சந்தையில் ரேடியோ வைத்த கடைகள் முன்னால் கூட்டம் நகரவே இல்லையாம். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மறுவாரம் இன்னொரு தடவை போட்டார்கள். பேர் எதுவும் சொல்லாத நாடகம்தான், ஆனால் யார் வீட்டுக் கதை என்று ஊருக்கா தெரியாது? லோகேந்திரசனாவின் ஜீப் தெருவில் போனால் பயல்கள் பின்னால் ஓடி, "மகளக் கொளுத்தினவரு போறாரு டோய்!" என்று கூவினார்கள். ஒருநாள் சாணியும் விழுந்தது. மனிதர் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். குதிரையை விற்றார். அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

செய்தி வந்த அன்று அண்ணி மீன் குழம்பு வைத்தாள். அப்பன் செத்தால் மகள் மீனைத் தொடக்கூடாது என்பது எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பெரிய மீனாக வாங்கி, ஙாரிக் கருவாடு போட்டு, மிளகாய் தூக்கலாக வைத்தாள். எனக்கும் பரிமாறினாள். "நல்லா சாப்புடு மேமா," என்றாள். நானும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வருஷங்கள் ஓடின. புத்தகங்கள் வந்தன. டெல்லியில் விருது கொடுத்தார்கள், பேப்பரில் போட்டோ வந்தது. போட்டோ வந்த கையோடு ஒரு கார் எங்கள் சந்துக்குள் நுழைந்தது. திலக்சனா இறங்கினான். தொந்தி போட்டிருந்தது. அந்த வருஷம் அவனுக்குத் தேர்தலில் நிற்க ஆசை. சாராய வாசனைக்கு மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டான். இரண்டு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன், கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குடித்தான்.

"அக்கா, அன்னைக்கி ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றான்.

"எது?"

"அந்தக் கட்ட. அது புரசே இல்லியாம். குலா சோம்பேறிப்பய, பக்கத்துல இருந்த இலவ மரத்த வெட்டிட்டு வந்துட்டானாம். பண்டிதரக் கேட்டேன். புரசு இல்லன்னா காரியமே செல்லாதுன்னுட்டாரு. சட்டப்படி நீ சாகவே இல்லக்கா."

"நல்லவேளை," என்றேன் நான். "இத்தன வருஷமா பொணத்தோடல்ல குடித்தனம் பண்றோம்னு நெனச்சேன். குலா என்ன சொல்றான்?"

"அவன் செத்து ரொம்ப நாளாச்சு."

"அவனையாவது சரியான மரத்துல எரிச்சீங்களா?"

அவன் என்னைக் கவனிக்காத மாதிரி அண்ணி பக்கம் திரும்பி வெற்றிலை பாக்கை நீட்டினான். "இந்தத் தடவ விருந்துக்கு நீ வரணும்க்கா."

அண்ணி வெற்றிலையை வாங்கவில்லை. "அம்மா வரச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். "அம்மாவுக்கு இப்போ கண்ணு தெரியல. எப்பவும் உன் நெனப்புதான்."

அவள் வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி வயதுக்கு வந்த பெண் மாதிரி பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். எந்தத் துணி என்று என்னைக் கேட்டாள். எந்தத் துணி உடுத்தினாலும் குருட்டுக் கிழவிக்குத் தெரியப்போவதில்லை என்றேன். "கையால தொட்டுப் பாப்பாங்கல்ல," என்றாள்.

முழங்கால் வலி அவளுக்கு, தனியாகப் படி ஏற முடியாது. அதனால்தான் நானும் போனேன். அன்னாசியும் வாழையும் வாங்கி ஒரு கூடையில் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் என்னை உள்ளே விடவில்லை, ஆனால் விரட்டவும் இல்லை. முன்கட்டில் தூண் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுத் தனி இலை வைத்தார்கள். அங்கிருந்து கூடம் நன்றாகத் தெரிந்தது. பேப்பர்க்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். நடுவில் வெள்ளைத் துணியில் இந்துரேகா. உடம்பு வற்றிப்போய் இருந்தாலும் முதுகு நிமிர்ந்திருந்தது. கண் இரண்டும் வெள்ளை.

"அம்மா, பொண்ணு வந்திருக்கா," என்று திலக்சனா உரக்கச் சொன்னான்.

"எந்தப் பொண்ணு?"

அண்ணி போய் அவள் முன்னால் மண்டியிட்டாள். கிழவியின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். கை நெற்றியில் ஊர்ந்தது, மூக்கில் இறங்கியது, மோவாயில் ஒரு பழைய தழும்பு உண்டு, அங்கே வந்ததும் நின்றது. தெரிந்துகொண்டாள். புத்தி பிசகியிருந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். ஒன்றும் பிசகவில்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

"இவ செத்துட்டா," என்றாள். அதே மெதுவான குரல்.

திலக்சனா பதறினான். "அது இலவங்கட்டைம்மா! செல்லாதுன்னு பண்டிதரே..."

"யாருடா சொன்னது? புரசு. குலா வெட்டிட்டு வந்ததும் நானே நகத்தால கீறிப் பாத்தேன். ரத்தம் மாதிரி பிசின் வந்துச்சு. முடிய நான்தான் கட்டினேன்."

கேமராக்காரர்கள் கையை இறக்கிவிட்டார்கள். அண்ணி மட்டும் அந்தக் கையை விடவில்லை.

"அப்பா சொன்னதாலதானேம்மா செஞ்ச? அன்னைக்கி நீ அழுதியேம்மா. தூணுக்குப் பின்னாடி."

"நானா?" கிழவிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நான் எதுக்கு அழணும்? அழுதது உங்க அப்பன். கூடைய வாங்கி உள்ள வைடி, பாதிப்பேரு இப்படித்தான் கட்டிக்கிறான், என் பொண்ணுடின்னு கெஞ்சினாரு. மீசை வச்ச ஆம்பள, துணிய வாயில திணிச்சிக்கிட்டுத் தூணக் கட்டிப் புடிச்சி அழுதாரு. கதவச் சாத்த வச்சது நான். கொளுத்தச் சொன்னதும் நான்."

கிழவி அத்தோடு விட்டிருக்கலாம்.

"ரேடியோவுல அந்தக் கூத்தக் கேட்டாரு. இவ அவர அப்படிப் போட்டு நாறடிச்சிருந்தாளே. நான் உண்மையச் சொல்லிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவளுக்கு அம்மாவாவது நல்லவளா இருக்கட்டும்னுட்டாரு. தெருவுல சாணி வாங்கிட்டு வந்து அந்தத் தூணடியிலதான் உக்காந்திருப்பாரு." பிறகு முகத்தைத் திருப்பி யாரையோ கூப்பிட்டாள். "கை கழுவத் தண்ணி கொண்டாங்கடி. தொட்டுட்டேன்."

தண்ணீர் வந்தது. கழுவினாள், இரண்டு தடவை.

அண்ணி எழுந்திருக்க முயன்றாள், முழங்கால் மடங்கிவிட்டது. நான் உள்ளே போய்த் தூக்கினேன். லோய்க்காரி கூடத்துக்குள் வந்துவிட்டாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள், வரட்டும் என்று விட்டேன். வெளியே வரும்போது அவள் அந்தத் தூணை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். நான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதே தூண். பழக்கூடை கூடத்திலேயே கிடந்தது. அதை யாராவது உள்ளே வைத்தார்களா, தெருவில் கொட்டினார்களா, தெரியாது.

வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, "அன்னைக்கி மீன் கொழம்பு வச்சேனே, மேமா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் சாகும்வரை மீனைத் தொடவில்லை. மீன் இல்லாமல் எங்கள் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? கீரையும் சோறுமாகத் தின்று குச்சியாக இளைத்தாள்.

அந்தக் குளிர்காலமே இந்துரேகா செத்தாள். தீட்டுக் காக்க வா என்று திலக்சனா ஆள் விட்டான். "செத்தவங்களுக்குத் தீட்டு கெடையாதுன்னு போய்ச் சொல்லு," என்று அனுப்பிவிட்டாள். அழவில்லை. அம்மாவிடமிருந்து அவள் கற்றது அது ஒன்றுதான்.

பிறகு அவளுக்கு ஒரே வேலை. நாடகத்தைத் திருத்தி எழுதினாள். அழுகிறவர் அப்பா, கட்டை செதுக்கச் சொல்கிறவள் அம்மா. அதை வாங்க ஆள் இல்லை. ரேடியோக்காரர் குழைந்து குழைந்து பேசினார், "அம்மா, அந்த நாடகம் ஜனங்க சொத்தும்மா. அதுல கை வைக்கலாமா?" புத்தகம் போட்டவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பாடப்புத்தகக் குழுவில் ஒரு படித்த அம்மாள், "தாய்மையக் கொச்சப்படுத்துற மாதிரி இருக்கே," என்றாள். எழுதினவளே பொய் என்று சொல்கிறாள், கேட்க நாதியில்லை. கூடத்தில் கேட்ட பேப்பர்க்காரர்களில் ஒருவன்கூட அன்றைக்கு நடந்ததைப் போடவில்லை. விருந்தில் தாயும் மகளும் என்று போட்டோ மட்டும் வந்தது. முகத்தில் கை வைத்திருந்த படம்.

கடைசியில் அவள் திலக்சனாவிடமே போய் நின்றாள். அவன் அப்போது சட்டசபையில் இருந்தான்.

"அப்பா பேர நீயாவது காப்பாத்துடா. அன்னைக்கி நீ அங்கதான இருந்த."

"இருந்தேன்க்கா. அவர் அழுததயும் பாத்தேன்," என்றான் அவன். "அதுக்கென்ன இப்போ? ஜனங்களுக்கு அம்மா அழுதாத்தான் புடிக்கும்."

முடியாமல் படுத்த நாட்களில் அவள் என்னைத்தான் கேட்டாள். "யாரும் கேக்க மாட்டேங்குறாங்க, மேமா. நீயாவது சொல்லுவியா?" சொல்வேன் என்றேன். அந்த மார்கழியில் போனாள். என் அண்ணனை எரித்த இடத்திலேயே எரித்தோம். இந்தத் தடவை உடம்பு.

அடுத்த வருஷம் வாங்கெய் வீட்டில் அந்தத் தூணுக்கு வெள்ளையடித்து, சுற்றிக் கம்பி போட்டு, கல்வெட்டு வைத்தார்கள். "எழுத்தாளர் தம்பால்சனாவின் அன்னை கண்ணீர் சிந்திய இடம்." மந்திரி வந்தார். பள்ளிக்கூடப் பெண்கள் வரிசையாக வந்து தூணைத் தொட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உடன்வாழ்ந்த நாத்தனார், நாலு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

நான் சொன்னேன். "இங்க அழுதது அவங்க அப்பா. கொளுத்தச் சொன்னதுதான் அம்மா. எங்க அண்ணியே இதச் சொல்லச் சொல்லிட்டுப் போனாங்க. இந்தக் கல்லப் பேத்துப் போடுங்க."

கூட்டம் கப்சிப் ஆனது. ஒரு நிமிஷம், கேட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திலக்சனா எழுந்து வந்து என் தோளில் கை போட்டு, மைக்கைப் பதமாக வாங்கிக்கொண்டான்.

"நம்ம செக்மாய் அம்மா," என்றான், "சரக்க வித்ததோட நிறுத்தியிருக்கலாம். காலையிலேயே கொஞ்சம் ருசி பாத்துட்டு வந்துட்டாங்க போல."

மந்திரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பள்ளிக்கூடப் பெண்கள் உட்பட. இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிவிட்டார்கள். வரிசை மறுபடி தூணை நோக்கி நகர்ந்தது.

அன்றைக்கு நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.